டிரங்க் அக்கா நிறுத்திவைத்த விமானம்

எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்க் கால்களை இணைக்கிற டிரங்க் போர்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைக் காஞ்சிபுரம் முழுக்க டிரங்க் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டிருந்தால் அவள் திரும்பிப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. போனில் எண் சுழற்றுகிற வசதி எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. ரிசீவரை எடுத்தால் போர்டில் ஒரு சின்னத் தகடு விழும், அக்கா பிளக்கைச் செருகி "நம்பர்?" என்பாள். ஒரு மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் தந்தி மேஜையில் நான். தடுப்பு இடுப்புயரம்தான். அதனால் நான்கு வருஷம் அவளுடைய வலது காதையும் அதன்மேல் கவிந்திருந்த ஹெட்போனையும் பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறேன்.

பட்டு நெய்கிற ஊரில் அவள் ஒருநாளும் வேலைக்குப் பட்டுக் கட்டி வந்ததில்லை. யாரோ கேட்டதற்கு, "வயர்ல ஜரிகை மாட்டிக்குதுமா" என்றாள். கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டியிருப்பாள். பிளக்கைப் பிடித்த கையைத் திருப்பாமலே மணி பார்க்கலாம். அந்த முள்ளுக்கும் அவளுக்கும் இருந்த உறவு விசித்திரமானது. யாராவது தாமதமாக வந்தால் அவளுக்குக் கோபமே வராது. எவ்வளவு தாமதம் என்று தெரியாவிட்டால்தான் வரும்.

"லேட்டு ஆவும்க்கா" என்று ஒரு ஆள் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது.

"லேட்டுன்னா எவ்ளோ லேட்டு?"

"கொஞ்ச நேரம்..."

"கொஞ்ச நேரம்னு கடியாரத்துல எங்கபா எழுதி இருக்குது?"

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அந்த மனிதர் வீட்டுக்குள் நுழையும்போதே, செருப்பைக் கூடக் கழற்றாமல், "வாலாஜாபாத்ல லெவல் கிராசிங், பதினாலு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவாராம். காரணம் எதுவாக இருந்தாலும் அவளுக்கு அக்கறையில்லை. நிமிஷம் சரியாக இருந்தால் போதும், சாப்பாடு போட்டுவிடுவாள்.

இந்தக் குணம் சில சமயம் கேட்பவர்களை நடுங்கவும் வைத்தது. அவள் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். எல்லோரும் அழ ஆரம்பிக்க, இவள் மட்டும் டாக்டரை வாசல்வரை துரத்திக்கொண்டு போய், "எவ்ளோ நாள் டாக்டர்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் தப்பித்தால் போதும் என்று மூன்று வாரம் என்றார். இவள் நேரே உள்ளே வந்து மாமியாரிடமே, "மூணு வாரமாம் அத்தை" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் அதற்குள் செய்யவேண்டியதையெல்லாம் செய்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் வரவழைத்து, ஒவ்வொருவரிடமும் விடைபெற்றுக்கொண்டாள். மூன்று வாரம் முடிந்தது. நான்காவது வாரமும் முடிந்தது. வந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். "நீ சொன்ன டைம் தாண்டிப்போச்சேம்மா, எல்லார் மூஞ்சியிலயும் நான் எப்படி முழிப்பேன்" என்று மாமியார் மருமகளோடு சண்டை பிடித்தாளாம். அதற்கப்புறம் நான்கு வருஷம் இருந்தாள்.

அக்காவைப் போய் ஒரு விமானத்தோடு முடிச்சுப் போட்டது பக்கத்திலிருக்கிற முசரவாக்கத்துக் குடும்பம் ஒன்று. அவர்கள் பையன் லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டிருந்தான். லண்டனில் கிளம்பி ரோம், பெய்ரூட், பம்பாய் எல்லாம் இறங்கி ஏறி மெட்ராஸ் வருகிற வெளிநாட்டுக் கம்பெனி விமானம் ஒன்று, வாரத்தில் புதனும் ஞாயிறும். கம்பெனிப் பெயர் வேண்டாம். சொன்ன நேரத்துக்கு வராது என்பது மட்டும் அதன் உறுதியான வழக்கம். பையனை அழைத்துவர அவனுடைய அப்பாவும் அம்மாவும் மாலையோடு மீனம்பாக்கம் போய் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டபோதெல்லாம் "டிலே" என்று ஒரே வார்த்தை. அந்த வார்த்தைக்கு யாரோ பக்கத்தில் இருந்தவர், விமானம் விழுந்துவிட்டது என்று தவறான அர்த்தம் சொல்லிக் கொடுத்துவிட்டார். இரண்டுபேரும் மார்பில் அடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். முசரவாக்கத்தில் பந்தல் போட்டு, மேளத்துக்குச் சொல்லி அனுப்பி, ஊர்ச் சனம் முழுக்கக் கூடிவிட்டது. சாயங்காலம் நாலரை பஸ்ஸில் பையன் பெட்டியோடு வந்து இறங்கினான். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "யார் வீட்லபா சாவு?" என்று கேட்டிருக்கிறான்.

அந்தப் பந்தலில் அக்காவும் இருந்தாள். தூரத்து உறவு. துக்கம் விசாரிக்கப் போனவள் இறந்தவன் கையால் லண்டன் சாக்லெட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். மறுநாள் போர்டில் உட்கார்ந்ததும் மெட்ராஸைக் கூப்பிட்டாள்.

ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மெட்ராஸ் டிரங்க் போர்டில் அவளுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். இருவரும் நேரில் பார்த்ததே கிடையாது.

"ஏ மெட்ராஸ், அந்த லண்டன் பிளைட் ஆபீஸ்ல உனக்கு யாரையாவது தெரியுமா?"

"தெரியும் காஞ்சிபுரம். எதுக்கு?"

"வாரத்துக்கு ரெண்டு வாட்டி அது எங்க நிக்குதுன்னு எனக்குச் சொல்லணும். லேட்டுன்னு சொல்லாத. எவ்ளோன்னு சொல்லு."

அப்படித் தொடங்கியது. பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றைக் கொண்டுவந்து லண்டனிலிருந்து மெட்ராஸ்வரை பென்சிலால் கோடு போட்டாள். வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிற குடும்பங்கள் அவளைக் கேட்காமல் மீனம்பாக்கத்துக்குக் கார் எடுப்பதை நிறுத்தின. பம்பாயில் விமானம் கிளம்பியதும் அவள் சொல்வாள். அதற்கப்புறம் இங்கே கார் கிளம்பினால் சரியாக இருக்கும்.

மாதக்கணக்கில் எங்கள் ஊர் ஆள் ஒருவர்கூட அந்த விமானத்தில் வரமாட்டார்கள். அப்போதும் விசாரிப்பாள். ஊருக்கும் அது பழகிப்போயிற்று. பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பக்கத்துக் கடையிலிருந்து ஆள்விட்டு, "அக்கா, இன்னைக்கு எங்க நின்னுக்கினு இருக்குது?" என்று கேட்டனுப்புவார்கள். கேட்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று அவர்களும் யோசித்ததில்லை, அவளும் யோசித்ததில்லை. "பெய்ரூட். ஒரு மணி இருபது நிமிஷம்." அவ்வளவுதான், திருப்தியாகிவிடும். கொஞ்ச நாளில், வேலைக்குத் தாமதமாக வருகிறவனைப் பார்த்து, "இன்னாபா, பெய்ரூட்ல நின்னுட்டியா?" என்று கேட்பது ஊர்ப் பேச்சாகிவிட்டது.

வைகாசிக் கருட சேவை அன்று பெருமாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டால் ஊரின் அந்தக் கோடிவரை வந்து திரும்பவேண்டும். வழியெல்லாம் கால் கடுக்க ஜனம் நிற்கும். அக்கா போர்டில் உட்கார்ந்தபடியே வழியில் போன் இருக்கிற கடைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பெருமாள் எங்கே வருகிறார் என்று விசாரித்து, அடுத்த தெருக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டே வருவாள். "உங்க வாசலுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம். கோலம் இப்பவே போடாதீங்க, மிதிச்சிடுவாங்க." பெருமாளும் பெரும்பாலும் அவள் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்.

இப்படிப்பட்டவள்தான் ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமை ஒரு விமானத்தையே பொய்யாக நிறுத்திவைத்தாள்.

ஜரிகைக் கடைக்காரர் ஒருவருடைய மகளுக்குக் கல்யாணம். பெண் இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை லண்டனில் இருந்தான். புதன்கிழமை விமானத்தில் வரவேண்டியவன், லீவு கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் வருகிறேன் என்று தந்தி கொடுத்திருந்தான். எட்டரைக்கு மீனம்பாக்கத்தில் இறங்கினால் பத்தரை பதினொன்றுக்குள் காஞ்சிபுரம். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. மாப்பிள்ளையின் தாய்மாமன் மண்டப வாசலில் காரோடு தயாராக இருந்தார்.

முகூர்த்த நாளில் வாழ்த்துத் தந்திகள் குவியும் என்பதால் எனக்கும் அன்று காலை ஆறு மணிக்கே வேலை. வந்து உட்கார்ந்து கால்மணி நேரத்தில் அந்தக் கல்யாணத்துக்கே ஏழு வாழ்த்து எழுதிவிட்டேன். அந்தப் பக்கம் மெட்ராஸ் அக்காவைக் கூப்பிட்டாள். எனக்கும் ஒரு காதுக்குழல் உண்டு. மாப்பிள்ளை வருகிற விமானமாயிற்றே என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

"பம்பாயை விட்டுக் கிளம்பிடுச்சி காஞ்சிபுரம். கரெக்ட் டைம். ஆச்சரியமா இருக்குது, இல்ல?"

"அதான் நல்ல நாளு. சரி, நான் காரைக் கிளம்பச் சொல்லிடறேன்."

"இரு, இரு. உங்க மாப்பிள்ளை அதுல இல்ல. லண்டன்லயே ஏறலையாம்."

அதே நேரத்தில் என் மேஜையில் எட்டாவது தந்தி தட்ட ஆரம்பித்தது. கை தன்பாட்டில் எழுதிக்கொண்டிருந்தது. எழுதி முடித்த பிறகுதான் படித்தேன். லண்டனிலிருந்து, பெண்ணின் அப்பாவுக்கு. எனக்கு இங்கே ஏற்கெனவே திருமணம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். அவ்வளவுதான். எழுந்து தடுப்புக்கு மேலாக அவளிடம் நீட்டினேன்.

அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே போர்டில் தகடு விழுந்தது. ஜரிகைக்காரர்.

"என்னம்மா, கார் கிளம்பலாமா?"

"கொஞ்சம் இருங்க. உங்க பொண்ணை ஒரு நிமிஷம் போன்கிட்ட வரச் சொல்லுங்க."

"பொண்ணா? தலை பின்னிக்கினு இருக்குதேம்மா."

"பாதிப் பின்னலோட வரட்டும்."

மண்டபத்தை ஒட்டியே அவர் கடை. அந்தப் பெண் வந்தாள். அக்கா சுற்றிவளைக்கவில்லை. மாப்பிள்ளை ஏறவில்லை, தந்தியில் இப்படி இருக்கிறது என்று அப்படியே சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது இப்ப தெரிஞ்சுதுன்னா பத்தரைக்குள்ள என்னை அத்தான் பக்கத்துல உக்கார வெச்சிடுவாங்க. வாலாஜாபாத் அத்தான். அத்தை நேத்தே சொல்லிட்டாங்க, நம்ம கையிலயே ஒருத்தன் இருக்கும்போது லண்டன் எதுக்குன்னு. அவரு காலையிலேர்ந்து ரெண்டு வாட்டி ஷேவ் பண்ணிட்டாருக்கா. அப்பாவால முடியாதுன்னு சொல்ல முடியாது. மானம் போவுதுன்னு தாலியை அவர் கையில குடுத்துடுவாரு."

அந்த அத்தானை எனக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டியவர். முந்தைய வருஷம்தான் மனைவி போயிருந்தாள்.

"நான் இன்னாம்மா பண்ணட்டும்?"

"முகூர்த்தம் முடியறவரைக்கும் பிளைட் வரவேணாம்க்கா."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவள் கையிலிருந்த தந்தியைப் பார்த்தேன். வந்த தந்தியை வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தால் வேலை போகலாம். அவள் விஷயம் அதைவிட மோசம். பதினாறு வருஷ வேலையில் யாருக்கும் ஒரு நிமிஷம் தவறாகச் சொன்னதில்லை என்பதுதான் அவளிடம் இருந்த ஒரே சொத்து. நான் தந்தியை அவளிடமிருந்து வாங்கி வாழ்த்துக் கட்டின் அடியில் செருகினேன். அவள் அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"ஐயா, பிளைட் லேட்டு."

"எவ்ளோம்மா?" என்றார் அவர். இந்த ஊர் அப்படிப் பழகியிருந்தது.

நான் சைகையில், பனிமூட்டம் என்று சொல்லச் சொன்னேன். அவள் பேசுகுழலைப் பொத்திக்கொண்டு என்னிடம் சீறினாள். "வைகாசில பெய்ரூட்ல ஏதுபா பனி? பொய் சொல்லலாம், தப்பு சொல்லக்கூடாது." பிறகு போனில், "பெய்ரூட்ல ஒரு டயர் மாத்தினாங்களாம். ரெண்டு மணி பத்து நிமிஷம்" என்றாள். டயர் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்பது முன்பு ஒருமுறை உண்மையாகவே நடந்ததில் அவளுக்குத் தெரியும்.

எட்டேகாலுக்கு எங்கள் தலைக்குமேல் அந்த விமானம் போனது. பம்பாயிலிருந்து வருவது அந்த வழியாகத்தான். உடனே தகடு விழுந்தது.

"இப்ப ஒண்ணு போச்சேம்மா?"

"அது ஹைதராபாத்துதுங்க."

பத்து நிமிஷத்தில் மெட்ராஸ் கூப்பிட்டு, இறங்கிவிட்டது, ஐந்து நிமிஷம் முன்னாலேயே இறங்கிவிட்டது என்றாள். அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அவள் விசாரிக்கத் தொடங்கியதிலிருந்து அந்த விமானம் நேரத்துக்கு முன்னால் வந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

பன்னிரண்டு மணிக்கு முகூர்த்தம் முடிந்ததும் நாங்கள் பெருமூச்சு விட்டோம். அது கொஞ்ச நேரம்தான். சாஸ்திரிகள் நல்ல மனிதர். யாரையும் கைவிடாதவர். பஞ்சாங்கத்தைப் புரட்டி, எமகண்டம் கழிந்து ஒன்றரையிலிருந்து மூன்றுவரை இன்னொன்று இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். ஜரிகைக்காரர் சந்தோஷமாகக் கூப்பிட்டுச் சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பம்பாயில் ஒரு எஞ்சினை நிறுத்தினாள்.

அதற்குள் மண்டபத்தில் நிலைமை கைமீறிக்கொண்டிருந்தது. சாம்பார் தாங்காது என்று சமையற்காரர்கள் சொல்லிவிட்டதால், கல்யாணம் ஆகாமலே கல்யாணச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு, தாலி கட்டுவதைப் பார்க்காமல் போவதா இருப்பதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்கள். நாகஸ்வரக்காரர் தானே கடைக்கு வந்து போனை எடுத்தார்.

"அம்மா, காலையிலேர்ந்து ஊதிக்கினே இருக்கேன். உதடு வீங்கிப்போச்சி. இன்னும் எவ்ளோ நேரம்மா?"

"மூணு மணிவரைக்கும் நீங்க ஊதவே வேணாம். போய்ப் படுங்க."

"மூணு மணிவரைக்கும் நல்ல நேரமாச்சேம்மா?"

"படுங்கண்ணே" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

அந்த அத்தான் மட்டும் மணவறையை விட்டு நகரவில்லை என்று பெண் இன்னொருமுறை போன்செய்து சொன்னாள். யாராவது தும்மினால்கூடத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டாராம். "மூணு மணிக்கு மேல சாஸ்திரிகள் இன்னொண்ணு கண்டுபிடிச்சா இன்னாக்கா பண்றது?" என்றாள். முதல்முறையாக அவள் குரல் நடுங்கியது.

"மூணுக்கு மேல குளிகை. அப்பறம் ராகுகாலம். ஆறு மணிவரைக்கும் அவரால ஒண்ணும் முடியாது" என்றாள் அக்கா. மேஜைமேல் அட்லஸுக்குப் பக்கத்தில் பஞ்சாங்கமும் திறந்து கிடந்தது.

மூன்று இருபதுக்கு அவள் விமானத்தைப் பம்பாயிலிருந்து கிளப்பி, ஐந்து நாற்பதுக்கு மீனம்பாக்கத்தில் இறங்கும் என்று சொன்னாள். காரில் பெண் வீட்டுப் பக்கமிருந்தும் ஒருவர் போனால் மரியாதையாக இருக்கும் என்று ஜரிகைக்காரரிடம் ஒரு வார்த்தை சேர்த்தாள். அத்தான் போகட்டுமே என்று பெண் உள்ளிருந்து சொன்னாளாம். மறுக்க வழியில்லாமல், மாலையும் கையுமாக அவர் மீனம்பாக்கத்துக்குப் புறப்பட்டார்.

கார் போனதும் நான் சைக்கிளை எடுத்தேன். தந்திக் கட்டோடு மண்டபத்துக்குப் போனபோது வாசலில் இன்னொரு மேளச் சத்தம். மறுநாள் கல்யாணத்துக்கு மண்டபம் எடுத்திருந்தவர்கள் மாப்பிள்ளை அழைப்போடு வந்துவிட்டார்கள். அவர்களிடம் மாப்பிள்ளை இருந்தான். எங்கள் சாஸ்திரிகளே அதற்கும் சாஸ்திரிகள். அவர் பஞ்சாங்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். பழைய கல்யாணத்தின் வாழைமரத்தை அவிழ்க்காமல், பலகையில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஜரிகைக்காரர் கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தந்திக் கட்டில் முதலில் இருந்த ஏழு வாழ்த்தையும் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு எட்டாவதைப் பிரித்தார். இரண்டு தரம் படித்தார். வந்த நேரம் மேலே எழுதியிருந்தது, காலை ஆறு இருபது. அவர் விரல் அந்த இடத்தில் போய் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கையெழுத்து வாங்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். உள்ளே அவர் மகள் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இலை போடச் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் அன்று ராத்திரியே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் போனை எடுத்தால் எண்ணை மட்டும் சொல்வார். "அம்மா" என்பது போய்விட்டது. அக்காவும் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வாள்.

மீனம்பாக்கம் போன அத்தானுக்கு அங்கே, அந்த விமானம் காலையிலேயே இறங்கிவிட்டது என்று ஒரு போர்ட்டர் சொல்லிவிட்டார். அவர் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகத் திரும்பி வந்து, மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதினார். எழுதியது மூன்று முழுப்பக்கம். டிரங்க் ஆபரேட்டர் பொய்த் தகவல் கொடுத்து ஒரு கல்யாணத்தையே கெடுத்தார் என்று. ஜரிகைக்காரரைச் சாட்சி போட்டிருந்தார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி மெலிந்த, சந்தேகக் குணமுள்ள மனிதர். எங்கள் தடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா, அத்தான், ஜரிகைக்காரர், நான். முதலில் அவருக்கு எது குற்றம் என்றே பிடிபடவில்லை. விமானம் எங்கே இருக்கிறது என்று சொல்வது அக்காவின் வேலையே இல்லை. செய்யக்கூடாத வேலையைத் தப்பாகச் செய்தார் என்று எப்படி எழுதுவது என்று தலையைச் சொறிந்தார். தந்தி தாமதத்துக்கு என்னிடம் விளக்கம் கேட்டார். வாழ்த்துகளோடு கலந்துவிட்டது என்றேன். எச்சரிக்கை என்று எழுதிக்கொண்டார். பிறகு புகாரை எடுத்தார்.

"பொய்த் தகவல்னு சொல்லியிருக்காங்க. நீங்க சொன்னது பொய்யாம்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா தலையைக் குனிந்தாள். ஒப்புக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தும்விட்டாள். அதற்குள் ஜரிகைக்காரர் கனைத்தார்.

"பிளைட் லேட்டாத்தான் வந்துச்சி சார்."

"மாமா!" என்றார் அத்தான்.

அதிகாரி ஜரிகைக்காரர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் போயிருந்தேன். மீனம்பாக்கத்துக்கு."

"கல்யாணத்தன்னைக்கா? மண்டபத்துல இருந்ததா இதுல எழுதியிருக்கே?"

"ரெண்டு எடத்துலயும் இருந்தேன் சார். பொண்ணைப் பெத்தவன் வேற எப்படி இருப்பான்?"

அதிகாரி பேனாவை எடுத்தவர் எழுதாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜரிகைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது என்றார். குடை கொண்டுபோகவில்லை என்றார்.

"சரி. எவ்வளவு நேரம் லேட்?"

"இருக்கும் சார், ஒரு எட்டு மணி நேரம்."

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதிகாரி எட்டு என்று எழுதப் பேனாவைக் காகிதத்தில் வைத்துவிட்டார். அப்போது, அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்தாள். அடக்கிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

"ஒன்பது மணி பத்து நிமிஷம்ங்க" என்றாள்.

அத்தான் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். அதிகாரி ஜரிகைக்காரரைப் பார்த்தார்.

"அந்தம்மா சொல்றதுதான் சார் சரி" என்றார் அவர். "நான் அன்னைக்கு வாட்ச் கட்டல."

அதிகாரி ஒன்பது மணி பத்து நிமிஷம் என்று எழுதினார். எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். நானும் போட்டேன்.